இடது மரை

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சுரங்கத்துக்குள் தூசி பறக்கிறது என்று எழுதியிருந்தாய். இருமலை அலட்சியம் பண்ணாதே. என் உடம்பைக் கேட்டால் முழங்கை ஒரு பதில் சொல்லும், இடுப்பு வேறு பதில் சொல்லும். நேற்றுப் பந்தயத்தில் விழுந்துவிட்டேன். பயப்படாதே, எலும்பு எதுவும் முறியவில்லை. மானம்தான் முறிந்தது.

அறுபது கிலோமீட்டர் பந்தயம். நீர்த்தொட்டி மேட்டில் ஏறும்போது மூன்றாவதாக இருந்தேன். எழுந்து நின்று மிதித்தேன். இடது கால் திடீரென்று லேசாகிவிட்டது. குனிந்து பார்த்தால் காலில் ஷூ இருக்கிறது, ஷூவுக்கு அடியில் பெடல் இருக்கிறது, சைக்கிளில் பெடல் இல்லை! ஷூவில் மாட்டிக்கொண்டு அப்படியே கழன்று வந்துவிட்டது. அடுத்த நொடி நான் தார் ரோட்டில். காலில் பெடலோடு நொண்டி நொண்டி நடந்து முடிவுக் கோட்டைத் தாண்டினேன். ஒரு புண்ணியவான் கைதட்டினான்.

என் மூன்றாவது இடம் யாருக்குப் போனது தெரியுமா? நம் மாத்திரைக்கு. மருந்துக்கடைக்காரிக்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான், நினைவிருக்கட்டும். இரண்டு வருஷமாக இருவரும் சேர்ந்து ஓட்டுகிறோம். செப்டம்பரில் இருவர் ஓட்டத்துக்கு ஒரே அணியாகப் பெயர் கொடுக்கப் போகிறோம். இவ்வளவு நாள் மூச்சுத் திணறத் திணற மேடு ஏறியதெல்லாம் அதற்காகத்தான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லமாட்டேன். ஆனால் சைக்கிள்கள் அவள் வேனில்தான் வந்தன. காற்று அடித்தது அவள். ஓட்டத்துக்கு முன் என் சைக்கிளைக் கடைசியாகத் தொட்டதும் அவள். நான் எதுவும் சொல்லவில்லை, எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பதினாறு வருஷமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் சோதிக்கிறவள் நான். சீல் உடைந்திருந்தால் எல்லோரும் ஒன்றுபோலச் சொல்வார்கள்: "தானா உடைஞ்சுடுச்சு மேடம்." தானாக உடைந்த சீலை நான் இதுவரை பார்த்ததில்லை. நீ கையால் பொருத்திக் கொடுத்த சைக்கிள் இது. ஜனவரியில் நீ அந்த போன் டவர் எட்டாத மலைக்குப் போனதிலிருந்து வீட்டில் என் கையைத் தவிர வேறு கை அதில் பட்டதில்லை. பெடல் தானாகக் கழலுமா? மெக்கானிக்காகப் பதில் சொல், தம்பியாக வேண்டாம்.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். காயத்துக்கு மருந்து போடும்போது என்னைவிட அவருக்குத்தான் அதிகமாக எரிந்தது.

முழங்கையை ஊதிக்கொண்டே எழுதும்,
உன் அக்கா

மார்ச் 16

பாசமுள்ள அக்காவுக்கு,

இருமல் இல்லை, சளிதான். இங்கே எல்லோருக்கும் மூக்கு கறுப்பாக இருக்கிறது, அதனால் யாரும் யாரையும் கிண்டல் செய்வதில்லை. உன் கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. அதற்குள் முழங்கை ஆறியிருக்கும். தலையில் அடி இல்லையே? ஹெல்மெட் கீறியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு.

மெக்கானிக்காகவே சொல்கிறேன், சில சமயம் கழலும். மரையில் மண் ஏறியிருக்கலாம், கிரீஸ் காய்ந்திருக்கலாம். துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, முதலில் விரலாலேயே முழுக்கத் திருகு. பிறகுதான் ஸ்பேனர். இடது பெடல் இடது மரை என்பது உனக்கே தெரியும். உலகத்தில் மற்றதெல்லாம் கடிகார முள் போகும் பக்கம் திருகினால் இறுகும், அது ஒன்று மட்டும் கழலும். எதிர்ப்பக்கம் திருகினால்தான் இறுகும். முதல் வருஷம் நீயும் மாத்திரையும் இதை மாற்றிச் செய்து எத்தனை தடவை என்னிடம் திட்டு வாங்கினீர்கள்!

அவளைச் சந்தேகப்படாதே அக்கா. மரை கழண்டால் பெடலைப் பார், ஆளைப் பார்க்காதே. சைக்கிளை இப்போதும் பின்கட்டு நடையில்தான் நிறுத்துகிறாயா? சனிக்கிழமை காலையில் உனக்கு இன்னும் அலுவலகம் உண்டா? சும்மா கேட்டேன்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

கறுத்த மூக்கோடு,
தம்பி

ஏப்ரல் 7

தம்பி,

சளி போயிற்றா? எனக்கு உடம்பு சரியாகிவிட்டது, மனசு கொதிக்கிறது. உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ சொன்னபடி துடைத்து, கிரீஸ் தடவி, எதிர்ப்பக்கம் திருகி மாட்டினேன். அதோடு நிறுத்தவில்லை. சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து இரண்டு பெடலிலும், சீட் போல்ட்டிலும், ஹேண்டில் போல்ட்டிலும் ஒரு கோடு போட்டேன். பாதி போல்ட்டில், பாதி அதைப் பிடித்திருக்கும் இரும்பில். யாராவது திருகினால் கோடு உடைந்து இரண்டு துண்டும் விலகி நிற்கும். மீட்டருக்கு நாங்கள் வைக்கிற சீல் மாதிரிதான். தெருவில் என்னைச் 'சீல் அக்கா' என்று கூப்பிடுவது வீணாகவா?

நேற்றுப் பந்தயம். கிளம்பும் கோட்டில் நின்று குனிந்து பார்த்தேன். இடது பெடலில் கோடு உடைந்திருந்தது. கடிகார முள் போகும் பக்கம் கால் சுற்று நகர்ந்திருந்தது. அதாவது கழற்றும் பக்கம்! இறக்கத்தில் மணிக்கு ஐம்பது வேகத்தில் போவோமே, அங்கே கழன்றிருந்தால் இந்தக் கடிதத்தை அத்தான் எழுதியிருப்பார்.

அன்றும் சைக்கிள் அவள் வேனில்தான் வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. எல்லோரும் நிற்கும்போதே கேட்டேன்.

"என் பெடலைத் தொட்டியா?"

"காத்து அடிச்சேன். வீல்ல. பெடலை எதுக்குத் தொடறேன்?"

"கோடு நகர்ந்திருக்கு. கழட்டுற பக்கம். இது தானா நகராது."

"நான் கழட்டினேனா? நானா?" என்றாள். சிரித்தாள் முதலில், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "போன தடவை மூணாவது வந்தியே, இந்த தடவை முதல்ல வரணுமா?" என்று நாக்கில் நரம்பில்லாமல் கேட்டுவிட்டேன். முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிளப் கேப்டன் பல் டாக்டர் நடுவில் வந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்றார். அவர் தொழிலில் வாயைத் திறக்கத்தான் சொல்வார், பாவம்.

அவள் அன்று பந்தயத்தில் ஓடவில்லை. என் சைக்கிளை மட்டும் வேனிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். இருவர் ஓட்டத்துக்கு இனி என்னோடு வரமாட்டாளாம். வராவிட்டால் போகட்டும். கையும் களவுமாகப் பிடித்தவளை யார் கூட வைத்துக்கொள்வார்கள்?

நான் செய்தது சரிதான் என்று நீ ஒரு வரி எழுது. அத்தான் எதுவுமே சொல்லமாட்டேன் என்கிறார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருந்தது.

கொதிப்போடு,
அக்கா

மே 12

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. சுரங்கத்தில் ஊற்றுக் கண் திறந்து பத்து நாள் முழங்கால் தண்ணீரில் வேலை. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. பேனா பிடிக்கக் கை வரவில்லை. இப்போது நான் நலம். நீ தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா? அதை எழுதவே இல்லையே.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். என்ன சொல்வது? அவசரப்பட்டுவிட்டாய் என்று தோன்றுகிறது. மழை நாள் பயிற்சியில் பெடல் ஆடியதையும் சேர்த்தால் மூன்று முறை ஆகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மாத்திரை அப்படிப்பட்டவள் இல்லை. கோடு உடைவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். வேனில் உரசியிருக்கலாம். நெயில் பாலிஷ் வெயிலில் உரிந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், இனிமேல் அந்தப் பெடல் கழலாது. நிம்மதியாக ஓட்டு. அவளிடம் போய்ப் பேசு. பேசினால் குறைந்தா போய்விடுவாய்?

செயினைத் துடைத்து எண்ணெய் விடு. முன் டயர் தேய்ந்திருக்கும், பார்.

ஈர உடுப்போடு,
தம்பி

ஜூன் 1

தம்பிக்கு,

உடுப்பு காய்ந்ததா? தண்ணீரில் நின்ற காலுக்கு எண்ணெய் தடவு, விரலிடுக்கில் புண் வரும். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மீட்டர் பார்க்கிறேன். ஆறு கிலோ எடையுள்ள நாய் ஒன்று கடித்தது, ஊசி போட்டாயிற்று. அதற்கும் மருந்து அவள் கடையில் வாங்கவில்லை. இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்கினேன்.

நீ பூசி மெழுகி எழுதியிருந்தாய். ஆனால் ஒரு விஷயத்தில் நீ சொன்னது பலித்துவிட்டது. பெடல் கழலவில்லை! அவள் போன பிறகு இரண்டு பந்தயம் ஓடிவிட்டேன். இடது பெடலில் புதிதாகப் போட்ட கோடு முடி அளவுகூட நகரவில்லை. ஆள் போனாள், கழல்வதும் நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்காதே. எதிர்க்காற்றில் ஒருத்தியாக ஓட்டுவது எப்படி என்று மறந்தே போயிருந்தேன். முன்னால் அவள் சக்கரம் இருந்தால் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போவேன், ஐந்து நிமிஷம் கழித்து அவள் முழங்கையை ஆட்டுவாள், நான் முன்னால் போவேன். போன வாரம் தனியாகப் போகும்போது பழக்கத்தில் நானும் முழங்கையை ஆட்டினேன். பின்னால் ஒரு குப்பை லாரிதான் வந்துகொண்டிருந்தது. அவன் ஹாரன் அடித்தான்.

இப்போது முக்கியமான விஷயம். ஜூலை முதல் ஞாயிறு கிளப் கூட்டம். அவளை நீக்குவதா வேண்டாமா என்று பேசப்போகிறார்கள். பல் டாக்டர் சொல்கிறார், "உங்க வார்த்தையை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. சைக்கிளைக் கட்டினது உங்க தம்பி. இந்தப் பெடல் தானா கழலாது, யாரோ கழட்டியிருக்காங்கன்னு அவர் எழுதிக் கொடுத்தா போதும்." நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நேர்மையாக எழுது. உன் வாயால் வந்தால்தான் எனக்கும் தெம்பு. சில நாள் காலையில் விழித்ததும், அவள் சிரித்த முதல் சிரிப்புதான் ஞாபகம் வருகிறது.

எதிர்பார்ப்போடு,
அக்கா

ஜூன் 15

அக்கா,

நலம். நாய்க்கடியை அசட்டையாக விடாதே, ஊசி எல்லாவற்றையும் போட்டு முடி.

நீ கேட்டதை இப்போது எழுத முடியவில்லை. தானாகக் கழலாது என்றும் எழுத முடியாது, கழலும் என்றும் எழுத முடியாது. கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொல். நான் வந்து சொல்கிறேன். எப்போது லீவு கிடைக்கும் என்று தெரியாது. தயவுசெய்து தள்ளிப்போடச் சொல்.

தபால் வண்டி கிளம்புகிறது.

தம்பி

ஜூலை 6

தம்பி,

நீ நலம்தானா என்று கேட்கவேண்டிய இடத்தில் வேறு ஒன்று கேட்கப்போகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டம் தள்ளிப்போகவில்லை. பல் டாக்டரின் கிளினிக் மாடியில் நடந்தது. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், யாருக்கோ பல் பிடுங்கப் போவதுபோல. உன் கடிதத்தை நான் காட்டவில்லை. அந்த வழவழா கொழகொழாவைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

மாத்திரை வந்தாள். கடை உடுப்போடு வந்தாள். "சைக்கிளை மேல கொண்டு வாங்க" என்றாள். கொண்டு வந்தார்கள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏப்ரல்ல இடது கோடு எந்தப் பக்கம் நகர்ந்துச்சு?"

"கடிகார முள் பக்கம்."

"வலது பெடலைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. கழன்றது இடது, அதை மட்டும்தான் நான் பார்த்தேன். பதினாறு வருஷச் சோதனைக்காரி, ஒரு மீட்டரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மீட்டரைப் பார்க்காமல் வந்திருக்கிறேன். அவள் குனிந்து வலது பெடலின் கோட்டில் விரல் வைத்தாள். மார்ச்சில் நான் போட்ட அதே கோடு. அதுவும் உடைந்து விலகித்தான் இருந்தது. அதுவும் கடிகார முள் பக்கம். சீட் போல்ட்டும் அதே பக்கம். ஹேண்டிலும்.

"வலது பெடல் அந்தப் பக்கம் திருகினா இறுகும். சீட்டும் இறுகும். எல்லாத்தையும் இறுக்கிட்டு ஒண்ணை மட்டும் கழட்டுவேனா? இடது மரை தெரியாத ஆள் செஞ்சது இது. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு."

கிளப் பனியனை மடித்து பெஞ்சில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அவளை நீக்குவதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இறுக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் திருகியிருக்கிறார். பெடல் மரை தெரியாதவர். சைக்கிள் நிற்பது வீட்டுப் பின்கட்டில். வீட்டில் இருப்பது இரண்டு பேர். சனிக்கிழமை காலையில் நான் அலுவலகத்தில், ஓவிய வாத்தியாரான உன் அத்தானுக்கு அன்று பள்ளிக்கூடம் லீவு.

பிறகு உன் கடிதங்களை எடுத்து, மீட்டர் பார்க்கிற கண்ணால் படித்தேன். மார்ச்சில் எழுதுகிறாய், "சனிக்கிழமை காலையில் உனக்கு இன்னும் அலுவலகம் உண்டா?" மே மாதம் எழுதுகிறாய், "மழை நாள் பயிற்சியில் பெடல் ஆடியதையும் சேர்த்தால் மூன்று முறை." தம்பி, மழை நாளில் பெடல் ஆடியதை நான் உனக்கு எழுதவே இல்லை. உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன், அன்று தலை துவட்டிக்கொண்டே. நீயும் அத்தானும் கடிதம் எழுதிக்கொள்கிறீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!

இனிமேல் கழலாது என்று எப்படி அவ்வளவு உறுதியாக எழுதினாய்?

அத்தானிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார், அவருக்குப் பொய் வராது. உன்னிடமிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

அக்கா

ஜூலை 20

அக்கா,

நான் நலமாக இல்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அத்தானைத் திருகச் சொன்னது நான்தான். ஜனவரியில் கிளம்புகிற அன்று உன் சைக்கிளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். செயின் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பிரேக் போல்ட் விரலால் திருகினாலே சுற்றியது. நீ எப்போதும் அப்படித்தான், தெரிகிற இடத்தைத் துடைப்பாய், தெரியாத போல்ட்டைத் தொடமாட்டாய். சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டாய், வேறு யாரையும் தொட விடவும் மாட்டாய். பயந்துவிட்டேன். அத்தானைக் கூப்பிட்டு, "பந்தயத்துக்கு முந்தின நாள் அக்கா இல்லாத நேரம் பார்த்து எல்லாத்தையும் ஒரு தடவை இறுக்கிடுங்க. கால் சுற்றுக்கு மேல முறுக்காதீங்க. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்" என்று ஸ்பேனரைக் கையில் கொடுத்தேன். வலது பெடலில்தான் திருகிக் காட்டினேன். பஸ் வந்துவிட்டது. இடது பெடலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பத்து வருஷ மெக்கானிக், சின்னப் பையன்கூட மறக்காததை மறந்தேன்.

உன் முதல் கடிதத்திலேயே சந்தேகம் வந்தது. இருக்காது என்று தள்ளினேன். கோடு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று நீ எழுதியதும் தெரிந்துவிட்டது. அன்றே அத்தானுக்கு எழுதினேன், இடது பெடலைத் தொடவே வேண்டாம் என்று. அதனால்தான் நின்றது. நான் அதை நிறுத்தியதே அவளுக்கு எதிரான சாட்சியாகப் போய்விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியபோது நீ கையெழுத்துக் கேட்டிருந்தாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கீழே விழுந்ததற்கு நான் காரணம் என்று எழுதக் கை வரவில்லை. தண்ணீரால் பேனா பிடிக்க முடியவில்லை என்று எழுதியது பொய். தண்ணீர் நாலு நாளில் வடிந்துவிட்டது.

அத்தானைத் திட்டாதே. அவர் எனக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன்.

தம்பி

(உடன் இருந்தது)

ஏப்ரல் 28

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நான் சுகம், அக்கா சுகமில்லை, வெளியே தெரியாத மாதிரி இருக்கிறாள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பந்தயத்துக்கு முந்தின ஒவ்வொரு சனிக்கிழமையும் இடது பெடல் மட்டும் லேசாகவே இருக்கும், மற்றதெல்லாம் கொஞ்சம்தான் நகரும். நல்லவேளை பார்த்தோம் என்று கால் சுற்று திருகுவேன். அவளை நான்தான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மச்சான். மழை நாளில் பெடல் ஆடியது என்று அவள் தலை துவட்டிக்கொண்டே சொன்னபோது, இன்னும் அழுத்தித் திருக வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அந்தச் சிவப்புக் கோட்டையும் பார்த்தேன். அழகுக்குப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன், கோடு கோணலாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அது நகர்ந்திருந்தது என்று அவள் சொன்ன அன்றும், நான் இறுக்கிய பிறகு வேறு யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்றுதான் நம்பினேன்.

இன்றே அவளிடம் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடை அம்மாவிடமும் போய்ச் சொல்கிறேன். நீங்கள் வேண்டாம், நானே பக்குவமாக எழுதுகிறேன் என்கிறீர்கள். நீங்கள் சொல்கிறீர்கள் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பாடு பரிமாற முடியவில்லை.

இப்படிக்கு,
கைராசி இல்லாத அத்தான்

ஆகஸ்ட் 18

அக்கா,

நாலு தபால் வண்டி வந்து போய்விட்டது. உடம்பு சரியில்லையா? கோபமாக இருந்தால் கோபம் என்று ஒரு வார்த்தை எழுது. வெறும் உறையாவது அனுப்பு.

தம்பி

செப்டம்பர் 15

தம்பிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபம்தான். ஆறு வாரம் பழகியதில் அதுவும் வீட்டு மனுஷி மாதிரி ஆகிவிட்டது.

அத்தானிடம் இரண்டு கடிதத்தையும் நீட்டினேன். பின்கட்டில் போய் இடது பெடலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான் இறுக்குறேன்னுதான் நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் தெரியாமல் செய்தார். தெரிந்த பிறகு சொல்லப் பார்த்தார். நீ தெரிந்து சும்மா இருந்தாய், அவரையும் சும்மா இருக்க வைத்தாய். நீ என்னை ஏமாற்றிவிட்டாய் தம்பி. பந்தயத்தில் விழுந்தபோது நான் அழவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன்.

மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டமாக இருந்தது, வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கடிதங்களைக் கொடுத்தேன். ஒருவருக்கு இருமல் மருந்து கொடுத்துவிட்டு ஒரு பக்கம் படித்தாள், இன்னொருவருக்குப் பஞ்சு கொடுத்துவிட்டு அடுத்த பக்கம். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"உன் தம்பி சொல்லலை, சரி. உன் வீட்டுக்காரரும் சொல்லலை, சரி. முப்பது பேர் முன்னாடி சொன்னது யாரு?"

"நான்."

"அடுத்தவங்க வாங்க" என்றாள். எனக்குப் பின்னால் ஒரு தாத்தா மருந்துச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? மரையை மாற்றித் திருகியது வேறு கைகள், அவளைத் திருடி ஆக்கியது என் வாய். கிளினிக் மாடியில் அதே பெஞ்சில் எல்லோரையும் உட்கார வைத்து உன் கடிதத்தை முழுசாகப் படித்தேன். 'தெரிகிற இடத்தைத் துடைப்பாய், தெரியாத போல்ட்டைத் தொடமாட்டாய்' என்ற வரியையும் விடாமல் படித்தேன். ஒருவர் சிரித்தார், அது நியாயம்தான். பனியனை அவள் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்துவிட்டது.

இருவர் ஓட்டம் ஏழாம் தேதி நடந்தது. அவள் வேறு கிளப் பெண் ஒருத்தியோடு ஓடி இரண்டாவதாக வந்தாள். நான் ரோட்டோரம் நின்று வேற்று ஆட்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினேன். அவள் என்னிடம் வாங்கவில்லை.

நேற்று ஒற்றையர் பந்தயம். கிளம்பும் கோட்டில் நெரிசல். திரும்பிப் பார்த்தால் இடப்பக்கம் அவள். விசில் ஊதப் போகிற நேரம், அவள் சட்டென்று குனிந்து என் இடது பெடலின் கோட்டைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நகரலை" என்றாள். நேராகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அவ்வளவுதான். ஐந்து மாதத்தில் என்னிடம் அவள் தானாகப் பேசிய ஒரே வார்த்தை. மேட்டில் என்னைத் தாண்டிப் போனாள், நான் பின்னால் ஒட்டிக்கொண்டேன். ஒருமுறை முழங்கை லேசாக ஆடியது. எனக்குத்தான் ஆட்டினாளா, வியர்வை துடைத்தாளா என்று தெரியவில்லை. நான் முன்னால் போனேன். அவள் என் பின்னால் வந்தாளா என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கோட்டைத் தாண்டும்வரை பார்க்கவில்லை.

இப்போது சனிக்கிழமை மதியம், நான் வந்த பிறகு, என் கண் முன்னால்தான் அத்தான் பெடல் பார்க்கிறார். இடப்பக்கம் வந்ததும் "எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பிரேக் போல்ட்டை நானே பார்க்கிறேன். நீ சொன்னது உண்மைதான், அது லூசாகத்தான் இருந்தது.

லீவு கிடைத்தால் வா. கதவைத் திறப்பேன். சாப்பாடும் போடுவேன். முன்னைப் போலப் பேசுவேனா என்று இப்போது கேட்காதே.

அத்தான் உனக்குத் தனியாக எழுதுகிறாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்த உறையை ஒட்டிய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். உன் கைக்கு வரும்போது கோடு நேராக இருந்ததா, உடைந்திருந்ததா என்று எழுது. எனக்கு இன்னும் புத்தி வரவில்லை, என்ன செய்ய.

உன் அக்கா